கேட்பவர் பத்துப் பேர் தேவை

எல்ஸ்டாட், மின்னசோட்டா
பிப்ரவரி 19, திங்கட்கிழமை

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

தம்பி நார்வல் பணிவுடன் எழுதிக்கொள்வது. நீயும் லைல் அத்தானும் அரிசோனா வெயிலில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியமா என்பது எனக்கே சரியாகத் தெரியவில்லை, அதைப் பின்னால் விவரமாக எழுதுகிறேன். இங்கே இன்று காலை மைனஸ் இருபத்தாறு. கார் கிளம்பவில்லை. மற்றபடி ஊரில் அனைவரும் நலம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ எனக்காக ஒரு பொய் சொல்ல வேண்டும். பதறாதே. ஞாயிற்றுப் பள்ளியில் நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுத்தவளிடம் இதைக் கேட்பது தப்புதான். முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

நான் ஓய்வு பெற்றவன் என்பது உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, இனி மண்ணைப் பற்றி யாரும் என்னிடம் கேட்க மாட்டார்கள் என்று நிம்மதியாகத்தான் வீட்டுக்கு வந்தேன். உண்மையிலேயே யாரும் கேட்கவில்லை. மண்ணைப் பற்றி மட்டுமில்லை, எதைப் பற்றியும் கேட்கவில்லை. இந்த நிலையில், போன ஏப்ரலில் புது டீன் காப்பெல்லி ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார். காப்பி தருகிறார்களே என்று போனேன். அவர் எழுந்து, நம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வானொலி நிலையம் ஆரம்பிக்க அரசாங்க அனுமதி கிடைத்துவிட்டது, பொறுப்பை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் தெரியாத்தனமாக நிமிர்ந்துவிட்டேன். "நார்வல், நீங்க?" என்றார். நம் ஊர் மரியாதைப்படி, "பார்க்கலாம்" என்றேன். நம் ஊரில் பார்க்கலாம் என்றால் ஜென்மத்துக்கும் முடியாது என்று அர்த்தம், இது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் காப்பெல்லி நியூஜெர்சிக்காரர். "ஆகா, ரொம்ப சந்தோஷம்! இவ்வளவு சுலபமா ஒத்துக்குவீங்கன்னு நெனைக்கவே இல்ல!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். நான் மறுத்தேன் என்பது அங்கிருந்த பதினெட்டுப் பேருக்கும் தெரியும். ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே! டீன் மனசு புண்படுமாம். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அன்று பிடித்தது சனி. நிலையத்துக்கு நாலெழுத்துப் பெயர் வைக்க வேண்டுமாம், நாங்கள் கேட்டது ஒன்று, கிடைத்தது தும்மல் மாதிரி ஒன்று. அதை மணிக்கொரு தரம் ஊர் பெயரோடு சேர்த்துச் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். நான் சொன்னால் மைஸீ ஒவ்வொரு தரமும் "காட் பிளஸ் யூ சார்" என்கிறாள். மைஸீ வாங் என்பவள் எனக்குத் துணையாக இருக்கும் மாணவி, செயின்ட் பால் நகரத்திலிருந்து வந்தவள், லாவோஸ் மலைநாட்டிலிருந்து குடிபெயர்ந்த ஹ்மாங் இனத்துப் பெண், வானொலி என்றால் அவளுக்கு உயிர். இடம் எங்கே கொடுத்தார்கள் தெரியுமா? வேளாண்மைக் கட்டடத்தின் நிலவறையில், நான் மண் மாதிரிகளைக் காயவைத்த அதே அறை. அதற்குள் ஹாக்கி அணிக்காரர்கள் ஈரக் கையுறைகளையும் காலுறைகளையும் உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கிளப்பிவிட்டோம், வாடை கிளம்பவில்லை. அடுத்தது விளக்கு. ஒலிபரப்பு நடக்கும்போது கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிய வேண்டும், அணைந்திருந்தால் நாம் என்ன பேசினாலும் வெளியே போகாது. மின்சார வேலைக்கு ஆள் அனுப்ப இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். மண் மாதிரிகளை உலர்த்தும் மின்சார அடுப்பை முப்பத்தொரு வருஷம் நானே பழுதுபார்த்தவன், நாலு கம்பியைச் சேர்க்கத் தெரியாதா என்று அந்த வேலையையும் நானே முடித்துவிட்டேன். விளக்கு அருமையாக எரிகிறது. நிலையத்திலேயே ஒழுங்காக வேலை செய்வது அது ஒன்றுதான்.

ஏனென்றால், அக்கா, நாங்கள் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை! ஜனவரி கடைசியில் ஆரம்பித்தோம். தினமும் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. நான் "மண்ணும் மனிதரும்" என்று அரை மணி நேரம் பேசுகிறேன், மைஸீ பாட்டுப் போடுகிறாள், செய்தி வாசிக்கிறாள், நடுநடுவே விளக்கை அணைத்துவிட்டுக் காப்பி குடிக்கிறோம், ஊர்க்கதை பேசுகிறோம். காதில் மாட்டும் கருவியில் எங்கள் குரல் கணீரென்று கேட்கிறது. அவளைப் பாட்டுப் போடச் சொல்லிவிட்டு, விளக்கு எரிவதை ஒரு முறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, மாடிப்படி ஏறி ஓடிப் போய்க் காரில் ரேடியோவைத் திருப்பினால் ஒரு பேச்சு மூச்சு இல்லை. கூரையில் இருந்த ஆன்டெனாவை மூன்று தடவை இடம் மாற்றியாயிற்று. மூன்றாம் தடவை பனியில் வழுக்கி நான் உட்கார்ந்த இடத்தை உன்னிடம் எழுத முடியாது.

இதைவிடக் குழப்பம் ஊர்க்காரர்கள். "நம்ம ரேடியோ கேக்குதா?" என்று யாரைக் கேட்டாலும், "ம், நல்லா இருக்கு" என்று தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்கள். நம் ஊரில் நல்லா இருக்கு என்றால் சகிக்கவில்லை என்று அர்த்தம், உனக்குத் தெரியாததா! அதோடு எல்லோரும் திடீரென்று என்னிடம் தாங்க முடியாத கனிவோடு நடக்கிறார்கள். முடிதிருத்தும் மெர்ல் இருபது வருஷமாக இடது பக்கத்தை ஒட்ட வெட்டிவிடுவான், போன வாரம் அளவுகோல் வைத்து வெட்டினான். டார்லா ஓட்டலில் ஆப்பிள் பை அடியில் நமுத்துப்போய்த்தான் இருக்கும், இப்போது என் தட்டுக்கு மட்டும் மொறுமொறு என்று வருகிறது. ஒரு மணி நேரம் இழுக்கும் பாஸ்டர் தோர்சன் பிரசங்கத்தைப் பதினோரு நிமிஷத்தில் முடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு நாள் காலையில் தபால் பெட்டியைத் திறந்தால் கால் ஆணிக்குப் போடும் களிம்பு, யார் வைத்ததென்று பெயரில்லை. எனக்குக் கால் ஆணி இருப்பதை மைஸீயைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. அந்தப் பெண் சத்தியம் செய்கிறாள், வெளியே மூச்சு விடவில்லை என்று.

யோசித்து யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எனக்கு ஏதோ பெரிய வியாதி. அது எனக்குத் தெரிவதற்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் ஹெக்கிடம் ஓடினேன். அவர் எல்லாம் சோதித்துவிட்டு, "ஒண்ணும் இல்ல நார்வல், ஆனா அந்த ஊறுகாய் மீன் மேல திரும்பவும் உப்புத் தூவிச் சாப்பிடறதை மட்டும் நிறுத்திடுங்க" என்றார். அதை நான் என் வீட்டுச் சமையலறையில், திரையை இழுத்துவிட்டுச் செய்கிறேன்! "டாக்டர், உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இன்றைக்குக் காற்று கொஞ்சம் அதிகம் என்றார். ஆகவே வியாதி இருக்கிறது, மறைக்கிறார்கள் என்பது என் எண்ணம். அத்தானிடம் சொல்லாதே.

இப்போது நீ சொல்ல வேண்டிய பொய். நேற்று முன்தினம் டீன் ஆள் அனுப்பியிருந்தார். இம்மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் வானொலியைக் கேட்பவர்கள் பத்துப் பேரிடமிருந்து கையெழுத்திட்ட கடிதம் வர வேண்டும், வராவிட்டால் நிலையத்தை மூடி அறையை ஹாக்கி அணிக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இன்று காலை விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம். மைஸீ அழுதாள். "சார், பத்து வேணாம், ஒருத்தர் கேட்டாக்கூடப் போதும் சார். எங்கப்பா ஃபோன்ல கேக்கறாரு, உன் பேச்சை யாரும்மா கேக்கறாங்கன்னு. நான் என்ன சொல்லட்டும்?" என்றாள். எனக்கும் தாங்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன் அக்கா, வேண்டாவெறுப்பாகத்தான் இதற்குள் போனேன், ஆனால் இந்த அறையை விட்டால் எனக்குப் பேச்சுத் துணை வீட்டிலிருக்கும் ஃபிரிட்ஜ்தான். இதையும் அவளிடம் வாய்விட்டே சொன்னேன்.

ஆகவே நீ எல்ஸ்டாட்டில் குடியிருப்பவள் மாதிரி, வேறு பெயரில், ஒரு கடிதம் எழுது. தினமும் கேட்கிறேன், மண் நிகழ்ச்சி பிரமாதம் என்று எழுது. பிரமாதம் என்று எழுத மனசு வராவிட்டால் பரவாயில்லை என்று எழுது. அத்தான் இடது கையால் இன்னொன்று எழுதட்டும். மீதி எட்டுக்கு வேறு வழி பார்க்கிறேன். அரிசோனா முத்திரை தெரியாதபடி, இரண்டையும் ஓர் உறைக்குள் போட்டு எனக்கு அனுப்பு. ஆண்டவர் கேட்டால் பழி என் மேல்.

உங்கள் இருவருக்கும் முழங்கால் வலி தணியட்டும், தோட்டத்து எலுமிச்சை நன்றாகக் காய்க்கட்டும், பாம்பு பூச்சி வாசல் பக்கம் வராதிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

உன் அன்புத் தம்பி,
நார்வல்

பின்குறிப்பு (வியாழக்கிழமை): பனிப்புயலால் தபால் நிலையம் மூன்று நாளாகத் திறக்கவில்லை, நல்லதாகப் போயிற்று. பொய் வேண்டாம். எனக்கு வியாதியும் இல்லை. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. நேற்று நிலையத்தில் நான் தனியாக இருந்தேன். விளக்கை ஏற்றாமல், காப்பிப் பாத்திரத்திடம் உன் கிறிஸ்துமஸ் பழ கேக்கைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். மைஸீ பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தாள். "சார்! வாயை மூடுங்க சார்! வண்டி ரேடியோவில நீங்கதான் வர்றீங்க!" என்றாள். நான் கம்பிகளை மாற்றிச் சேர்த்திருக்கிறேன் அக்கா. விளக்கு எரிந்தால் வெளியே ஒன்றும் போகவில்லை, அணைந்தால் எல்லாம் போயிருக்கிறது. மூன்று வாரமாக ஊரே உட்கார்ந்து என் கால் ஆணியையும், மெர்லின் கத்தரிக்கோலையும், பாஸ்டரின் பிரசங்கத்தையும் கேட்டிருக்கிறது! ஒருத்தர் சொல்லவில்லை! டார்லாவைப் பிடித்து, "ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்" என்றாள். பழ கேக்கைப் பறவைகளுக்குப் போட்டுவிட்டேன் என்பது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, வேறு யாராவது உனக்கு எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பறவைகளும் தொடவில்லை.

டீன் பத்துக் கடிதம் கேட்டார் அல்லவா? திங்கட்கிழமை நாங்கள் அழுததையும் கேட்டிருக்கிறார்கள். தபால் வராததால் புயலிலேயே நடந்து வந்து கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், மொத்தம் அறுபத்திரண்டு. கடைசிக் கடிதம்வரை ஒரே பாட்டு: நிலையத்தை மூடாதீர்கள், எதையும் மாற்றாதீர்கள். ஒரு பால் பண்ணைக்காரர், நடுவில் வரும் அரை மணி நேர அமைதி மிக அருமை, அப்போதுதான் மாடுகளுக்குத் தீனி வைக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். அதுதான் அக்கா என் மண் நிகழ்ச்சி. மைஸீ அறுபத்திரண்டையும் அப்பாவுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினாள். ஆனால் இப்போது கம்பியைச் சரிசெய்வதா, வேண்டாமா? மாற்றாமல், விளக்கை அணைத்துவிட்டு இன்று காலை ஒலிவாங்கி முன் உட்கார்ந்தேன். ஊர் கேட்கிறது என்று தெரிந்ததும் ஒரு வார்த்தை வரவில்லை. அப்படியே நாலைந்து நிமிஷம் போயிருக்கும், கதவு படாரென்று திறந்தது. மெர்ல், கையில் கத்தரிக்கோல். பின்னாலேயே கழுத்தில் துணியோடு, பாதி வெட்டிய தலையோடு ஓர் ஆள். "என்னய்யா ஆச்சு உனக்கு? ஏன் பேச்சை நிறுத்திட்ட? பயந்துட்டோம்ல!" என்று கத்தினான். இருபது வருஷத்தில் மெர்ல் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நான் ஒலிவாங்கியைக் கையால் சுட்டிக்காட்டித் தலையை ஆட்டினேன். என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தான், நாற்காலியை இழுத்துப் போட்டான், "சரி, நீ சும்மா இரு, நான் பேசறேன். மூணு வாரமா எனக்கும் சொல்றதுக்கு நெறைய இருக்கு" என்று ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். இதை நான் மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மெர்ல் இன்னும் முடிக்கவில்லை. அவனுக்குப் பின்னால் டார்லா, பாஸ்டர், டாக்டர் எல்லோரும் மாடிப்படியில் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோருக்கும் என்னைப் பற்றிச் சொல்ல ஏதோ இருக்கிறதாம்.