பிள்ளை பெற்றவள் களிம்பும் என் பித்தளைக் கூடுகளும்

மதிப்பிற்குரிய ஆர்டிஸ் அக்காவுக்கு,

தங்கள் தங்கை மார்லிஸின் கணவன் ஆர்வில் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் நாயும் நலம். அங்கு தாங்களும், தங்கள் இடது முழங்காலும், பூனையும், போன வெள்ளிக்கிழமையிலிருந்து தங்கள் முன்னறை சோபாவில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பற்றி என்னென்னவோ சொல்லிக்கொண்டிருக்கும் என் மனைவியும் நலமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. போனில் பேசிவிட்டுப் போகாமல் இதென்ன காகிதமும் கவருமாக என்று தாங்கள் நினைக்கலாம். போன் செய்யாமல் இருப்பேனா அக்கா? ஒவ்வொரு தடவையும் அவள்தான் எடுக்கிறாள், "ஹலோ" என்கிறாள், என் மூச்சுச் சத்தம் கேட்டதும் வைத்துவிடுகிறாள். நான் இன்னும் வாயையே திறக்கவில்லை! இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு மூச்சை வைத்தே ஆளைத் தெரிகிறது. ஆகவே தங்களுக்கு இந்தக் கடிதம். கேட்பது ஒன்றே ஒன்றுதான்: மார்லிஸை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். தங்கள் முழங்காலைக் கவனித்துக்கொள்ள வந்திருப்பதாக அவள் ஊரில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். தங்கள் முழங்கால் ஆகஸ்டிலேயே சரியாகிவிட்டது என்பது எனக்கும் தெரியும், தங்களுக்கும் தெரியும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். என் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவைக் கடைக்காரர்கள் விற்பதை நிறுத்திப் பல காலமாயிற்று. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பத்திரமாகப் பொறுக்கி வந்து, கராஜில் இருக்கும் அச்சுக்குள் விட்டு அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, நானே மறுபடி நிரப்பினால்தான் எல்க் மான் வேட்டைக்குப் போக முடியும், குளிர்காலத்துக்குக் கறி வீட்டுக்கு வரும். என் சகலை லாய்ட், அவர் ஆத்துமா இளைப்பாறட்டும், அவரும் இதே வேலையைச் செய்தவர்தான், ஆகவே தங்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. அச்சுக்குள் விடுமுன் கூட்டுக்கு மசகு பூச வேண்டும். குறைந்தால் அச்சு கூட்டைக் கவ்விக்கொண்டு விடாது, கூடினால் கூட்டின் தோளில் குழி விழுந்துவிடும். கடையில் விற்கும் மசகு டப்பா ஒன்று வைத்திருந்தேன், செப்டம்பரில் தீர்ந்துபோயிற்று. ஊரில் எல்லாரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டதால் கடையில் அலமாரி துடைத்து வைத்தாற்போல் காலி. தானியக் கிடங்குக்காரர் எல்மரிடம் காப்பி குடிக்கும்போது சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "டப்பாவா? பட்டணத்துக்காரன் வாங்குற சாமானய்யா அது. தேன்மெழுகை உருக்கி சமையல் எண்ணெயில கலந்தா ஆச்சு. நீயெல்லாம் முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டி என்னத்தக் கத்துக்கிட்ட?" என்றார். ரோஷம் வந்துவிட்டது. மார்லிஸ் தேவாலய விற்பனைக்குக் காட்டுச் செர்ரி ஜெல்லி கிளறுவாளே, அந்தப் பெரிய பாத்திரத்தில் மெழுகை உருக்கினேன். கழுவித்தான் வைத்தேன் அக்கா, சத்தியமாகக் கழுவினேன். ஆனால் மெழுகு என்பது கழுவினால் போகிற சாமான் இல்லை என்பது மறுநாள் அவள் ஜெல்லி கிளறிய பிறகுதான் தெரிந்தது. அந்த ஜெல்லி ரொட்டிமேல் நிற்கவேயில்லை, வழுக்கி வழுக்கித் தட்டுக்கே ஓடியது. போதகர் ஒரு வாய் தின்றுவிட்டு, "வித்தியாசமா இருக்கு, மார்லிஸ்" என்றார். நம் ஆட்கள் வாயில் அதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது என்பது தங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல், "இந்தாங்க ஆர்வில், இனிமே இந்த வீட்டுக்குள்ள யாராவது மசகு காய்ச்சினா, ஒண்ணு மசகு இருக்கும், இல்ல நான் இருப்பேன்" என்றாள்.

புத்தியுள்ளவனாயிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பான். வேட்டைக் காலம் நெருங்குகிறது, கூடெல்லாம் வாளியில் கிடந்து என்னைப் பார்க்கிறது. மறுபடி எல்மர். "காய்ச்சவே வேணாம்யா. ஆட்டு ரோமத்துல ஒரு கொழுப்பு இருக்கு, லானோலின்னு பேரு. மருந்துக்கடை ஸ்பிரிட்ல கரைச்சு பாட்டில்ல ஊத்தி, கூட்டு மேல தெளிச்சுவிடு. சும்மா வெண்ணெய் மாதிரி எறங்கும்." அடுப்பு வேண்டாம், பாத்திரம் வேண்டாம், ஆகவே இது மார்லிஸின் ஆணைக்குக் கீழே வராது என்று நானே எனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். அங்கேதான் அக்கா சனி பிடித்தது. கலப்படமில்லாத லானோலின் எங்கள் மருந்துக்கடையில் ஒரே ஒரு உருவத்தில்தான் இருக்கிறது: பச்சை உடம்புக்காரிகள், பால் கொடுத்து மார்புக் காம்பு வெடித்துப் போனால் போட்டுக்கொள்ளும் களிம்பு. ட்யூபின் மேல் ஒரு தாயும் கைக்குழந்தையும் படம். அறுபத்தெட்டு வயசுக்காரன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் போதகரின் மனைவி. கல்லாவில் யார்? நம்ம பெர்னிஸ்.

"யாருக்கு ஆர்வில் இது?" என்றாள்.

துப்பாக்கிக் கூட்டுக்கு என்று சொன்னால் மத்தியானத்துக்குள் மார்லிஸ் காதுக்குப் போய்விடும். வேறு என்ன சொல்வது? ட்யூபிலிருந்த படத்தைக் கட்டைவிரலால் மறைத்தேன். காது மடலெல்லாம் சூடாகிவிட்டது.

"அடடே, முகம் செவந்துபோச்சே! சரி சரி, நான் கேக்கலை." என் கையைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினாள். கண்ணில் தண்ணீர் வேறு. "கர்த்தர் பெரியவர், ஆர்வில். நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஒருவரிடமும் சொல்லவில்லை. எங்கள் மகள் ஜானெல் பிள்ளை உண்டாகியிருக்கிறாள், அவளுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று ஜெபச் சங்கிலியில் போட்டுவிட்டாள், அவ்வளவுதான். எங்கள் சபையில் அது எப்படி ஓடும் என்று தங்களுக்குத் தெரியும். ஒருத்தி அடுத்தவளுக்குப் போன் செய்வாள், அவள் அதற்கடுத்தவளுக்கு. ஊரில் கால்வாசிப் பேர் வயல் உழுகிறார்கள், மீதிப் பேர் அந்தச் சங்கிலியில் இருக்கிறார்கள். ஆனால் ஒருவராவது வாயைத் திறந்து, "ஜானெல், நிஜமாம்மா?" என்று கேட்டிருக்கக் கூடாதா? கேட்க மாட்டார்கள். கேட்பது மரியாதைக் குறைவு. உருளைக்கிழங்கும் கறியும் போட்டு ஒரு ஹாட்டிஷ் செய்து, பாத்திரத்தின் அடியில் பேர் எழுதி டேப் ஒட்டி, சுடச்சுட ஜானெல் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டார்கள். எல்லாரும் அப்படியே செய்தார்கள். ஜானெல்லும் நம் வீட்டுப் பெண்தானே, ஏன் இதெல்லாம் என்று கேட்காமல் அவளும் வானிலையைப் பற்றியே பேசி அனுப்பியிருக்கிறாள்.

சங்கிலியின் கடைசிக் கண்ணி மார்லிஸ். அவள் காதில் இது விழுந்தபோது அவளுக்கு எப்படியிருந்திருக்கும் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜானெல்லுக்குக் கரு தங்காமல் போனபோது, பின்னி வைத்திருந்த மஞ்சள் போர்வையை மடித்து அலமாரி மேல்தட்டில் வைத்தவள், அதற்கப்புறம் அந்தத் தட்டைத் தூசி தட்டக்கூடத் தொட்டதில்லை. மகள் தானாகச் சொல்லட்டும், நாம் கேட்டு அவளை நோகடிக்கக் கூடாது என்று வாயை இறுக மூடிக்கொண்டாள். எனக்கு ஒன்றுமே தெரியாது அக்கா. எனக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டில் திடீரென்று ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரம் மணக்கிறது, என் காலுறை அடுப்போரம் காய்ந்து கதகதப்பாக வருகிறது, மார்லிஸ் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுகிறாள். ஒருநாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்களுக்கு இந்த நரை பொருத்தமாத்தான் இருக்கு, ஆர்வில்" என்றாள். ஜெல்லியை மன்னித்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். பலகாரத்தில் இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்றேன். முட்டாளுக்குப் பசி அதிகம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கராஜில் இருந்தேன். தெளித்ததில் ஸ்பிரிட் காய்வதற்குள் அவசரப்பட்டு அழுத்திக் கூடெல்லாம் தோளில் குழி விழுந்திருந்தது. சரி, தெளிப்பு வேண்டாம், ட்யூபிலிருந்து நேராகவே விரலில் எடுத்துத் தடவுவோம் என்று ஆரம்பித்தேன். குழிக்குப் பயந்து கொஞ்சமாகத் தடவினேனா, முதல் கூடே அச்சுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. நெம்புகோலைப் பிடித்துத் தொங்குகிறேன், பெஞ்சு தூக்குகிறதே தவிரக் கூடு வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மார்லிஸ் நிற்கிறாள். கையில் மஞ்சள் போர்வை. சிரிக்கவும் அழவுமாக ஒரு முகம். "ஆர்வில், இனிமே என்னால வாய மூடிக்கிட்டு இருக்க முடியாது" என்று ஆரம்பித்தவள், பெஞ்சின் மேல் பாதி பிதுக்கிக் கிடந்த ட்யூபைப் பார்த்துவிட்டாள். தாயும் குழந்தையும் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

"இது ஜானெல்லுக்கு வாங்கினதுதானே?"

"ஜானெல்லுக்கு எதுக்கு இது?" என்றேன். பாவி, அப்போதும் புரியவில்லை எனக்கு. "இது கூட்டுக்கு."

"கூட்டுக்கா?"

"மசகு..."

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. மெதுவாகப் போர்வையை மடித்தாள். ஊரெல்லாம் என்ன பேச்சு, எங்கிருந்து கிளம்பியது என்பதை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். காரில் ஏறும்போது, "ஒரு வாரம் நான் பாட்டியா இருந்தேன், ஆர்வில்" என்றாள்.

அக்கா, ஜெல்லிக்கு அவள் போட்ட சத்தத்துக்கு நான் பயப்படவில்லை. இந்தச் சத்தமில்லாததற்குப் பயப்படுகிறேன். அவள் போன பிறகு மேல்தட்டைப் பார்த்தேன், போர்வை இல்லை. குப்பைத் தொட்டியிலும் பார்த்தேன், இல்லை. ஆகவே பெட்டியில் எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். அவளிடம் தாங்கள் சொல்ல வேண்டியது: அச்சையும் வாளியையும் பித்தளையையும் எல்மர் தலையில் கட்டிவிடப்போகிறேன். இந்த வருஷம் வேட்டை கிடையாது, கறிக்குக் கோழி போதும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, அந்தக் களிம்பு எதற்கு என்பதைச் சபை முழுவதற்கும் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், என்னைப் பார்த்துத்தானே. ஜானெல் முகத்தை மட்டும் எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. என் ஒரு ட்யூபால் ஊர் முழுக்க அவள் வாசலில் போய் அவள் புண்ணைக் கிளறிவிட்டு வந்திருக்கிறது. வீட்டில் ரெண்டு தட்டு வைத்துச் சாப்பிடுகிறேன், கை தானாக வைத்துவிடுகிறது. தயவு செய்து அவளை அனுப்பி வையுங்கள்.

தங்கள் முழங்கால்கள் இரண்டும் தங்களைத் தாங்குவதாக. பூனை பல்லாண்டு வாழ்க. தங்கள் கூரையின்மேல் இந்தக் குளிர்காலம் பனி இலேசாகவே விழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் ஏச்சுக்கும் உரிய,
ஆர்வில்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் மார்லிஸிடம் சொல்லாதீர்கள், காட்டவும் காட்டாதீர்கள், படித்ததும் அடுப்பில் போடுங்கள். அவளை அனுப்பவும் வேண்டாம். கராஜ் பெஞ்சில் வைத்துக் கவரை நாக்கில் தடவும்போது வாசலில் கார்ச் சத்தம். ஜானெல். கைநிறையக் காலி ஹாட்டிஷ் பாத்திரங்கள், முகம் சிவந்திருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "ஊருக்கே எப்படிப்பா தெரிஞ்சுது? எனக்கும் அவருக்கும் டாக்டருக்கும் தவிர ஒருத்தருக்கும் தெரியாதே! போன தடவை மாதிரி ஆயிடக் கூடாது, நல்லா நிக்கட்டும், அப்புறமா அம்மாகிட்ட சொல்லலாம்னுதானே இருந்தேன். நேத்துத்தான் டாக்டர் பாப்பாவோட நெஞ்சுத் துடிப்பைக் கேக்க வெச்சாங்க. குதிர ஓடுற மாதிரி ஓடுதுப்பா." நான் வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டேன் அக்கா. பித்தளையெல்லாம் தரையில் உருண்டது. அழுதேன், அதை எழுத வெட்கப்படவில்லை. சனிக்கிழமை நாங்கள் இருவரும் அங்கே வருகிறோம். ஜானெல் தன் வாயால் சொல்லட்டும், தாங்கள் காப்பி மட்டும் போட்டு வையுங்கள், அந்தப் போர்வை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நிற்கிற உத்தேசத்தையும் விட்டுவிட்டேன். போகும்போது ஜானெல் பெஞ்சின்மேல் இருந்த ட்யூபைப் பார்த்துவிட்டாள். "எனக்காகவாப்பா வாங்கி வெச்சிருக்கீங்க, இவ்வளவு முன்னாடியேவா?" என்று என் கன்னத்தில் முத்தமிட்டு, அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தாள். "பாதிதானே இருக்கு. மீதி எங்கப்பா?" என்றாள். நாளைக்குப் பனி விழும் போலிருக்கிறது என்றேன்.