ப்ரஷர் அண்ணாச்சியும் ஏழாம் நம்பர் தூணும்

தூத்துக்குடியில் பூமிக்கு மேலே இருப்பதைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பூமிக்குக் கீழே இருப்பதைப் பற்றிச் சொல்ல உலகத்திலேயே ஒரே ஆள்தான். அவர் ப்ரஷர் அண்ணாச்சி. ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், அடுக்குமாடி என்று எங்கெல்லாம் தரைக்கடியில் கார் நிறுத்துகிறார்களோ அங்கெல்லாம் போய், தண்ணீரைத் துப்பாக்கிபோலப் பீச்சியடித்துக் கழுவிக் கொடுக்கும் கான்ட்ராக்டர். சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. போனிலேயே "ப்ரஷர் பேசுதேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

அந்த போனால் என் வீட்டில் ஒரு கலவரமே நடந்தது. கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்னை, கூட்டத்தின் நடுவில் பாத்ரூமுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். முதல் வேலையே கார் நிறுத்துமிடத்தைக் கழுவுவது. சாப்பிட்டுக்கொண்டே அவரிடம் பேசினேன்.

"ப்ரஷர் எவ்வளவு அண்ணாச்சி?"

"நூத்தம்பது. வேணும்னா எரநூறு வரைக்கும் ஏத்திருவோம்!"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, தட்டிலிருந்த வறுத்த கருவாட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அது என் ரத்த அழுத்தமல்ல, மெஷினின் ப்ரஷர் என்று அவளை நம்பவைக்க ஒரு வாரம் ஆனது.

அண்ணாச்சி லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். மடித்துக் கட்டிய கைலி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், நெற்றியில் நீச்சல் கண்ணாடி. முன்பு துறைமுகத்தில் கப்பல்களின் சரக்கு அறைகளைக் கழுவியவராம். அந்த இரைச்சலில் காது பாதி போய்விட்டது. ஆகவே ரகசியம் பேசினால்கூட மூன்றாம் தெருவரை கேட்கும். மெஷினுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'மருமவன்'. அரைமணிக்கு ஒருமுறை அதை நிறுத்திவிட்டு, "மருமவனுக்குக் கொஞ்சம் சூடேறிட்டு. மரியாதையாத்தான் வேல வாங்கணும்" என்று எதிரில் உட்கார்ந்து டீ குடிப்பார்.

வந்ததும் மெஷினைத் தொடவில்லை. தரையில் மண்டியிட்டு மோப்பம் பிடித்தார்.

"இங்கன நிக்க வண்டிக்கு இன்ஜின் ஆயில் ஒழுகுது. அங்கன நிக்க வண்டில யாரோ வாரவாரம் மீன் கொண்டாராவ." பிறகு தூணடியில் சிவந்து கிடந்த கறையை விரலால் தொட்டு, என் காதருகே வந்து ரகசியம் சொன்னார். "ஆத்தூர் வெத்தில! இந்த வண்டிக்காரரு ஒளிஞ்சு நின்னு போடுதாரு!"

ரகசியம் நான்கு சுவர்களிலும் மோதி எதிரொலித்தது. அந்த வண்டிக்காரர் எங்கள் சங்கத் தலைவர். தொழில், பல் டாக்டர். வெற்றிலை பாக்குப் போடுபவர்களைக் கிளினிக்கில் கண்டபடி திட்டுபவர். அந்த நிமிடம் லிஃப்டிலிருந்து அவரே இறங்கி வந்துகொண்டிருந்தார். என்ன சொல்ல? ப்ரஷர் அண்ணாச்சிக்கு எங்கள் கட்டடத்தில் முதல் எதிரி தயார்.

இரண்டாம் நாள் வேறு சிக்கல். துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் 'டக்' படகு ஓட்டி ஓய்வு பெற்ற மச்சாது கேப்டனின் பழைய கார், ஏழாம் நம்பர் தூணை ஒட்டி மூன்று வருடமாக அசையாமல் நின்றது. பேட்டரி செத்துவிட்டது. தள்ளுகிறோம் என்றால் விடமாட்டார்.

"சேசுவே! மலைமலையா கப்பல இழுத்தவன் நான். என் காரை ஒருத்தன் இழுக்கதா?"

அண்ணாச்சி விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். "கேப்டன்! டக் ரெடி. ஆர்டர் நீங்கதான் குடுக்கணும்!"

கேப்டனின் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. வீட்டுக்கு ஓடிப்போய்த் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து காரில் ஏறி உட்கார்ந்தார். லோடு ஆட்டோவில் கயிறு கட்டினோம். "ஸ்லோ அஹெட்! போர்ட் சைடு, இடது பக்கம் திருப்பு! ஏலே, மெதுவா!" என்று ஜன்னல் வழியே தலையை நீட்டி அவர் கத்த, அண்ணாச்சி "அய் அய் கேப்டன்!" என்று பதிலுக்குக் கத்த, குடியிருப்பே கீழே இறங்கி வந்து கைதட்டியது. கார் கரைசேர்ந்தது.

அந்த உற்சாகத்திலேயே அண்ணாச்சி மருமகனை முடுக்கினார். கரிப்புகை படிந்த ஏழாம் நம்பர் தூணில் தண்ணீர் சர்ரென்று பாய்ந்தது. கறுப்பு உரிந்து வெள்ளை தெரிந்தது. அப்புறம் வெள்ளைக்குள்ளிருந்து செம்பழுப்பாக ஒன்று வழிந்து வந்தது. அண்ணாச்சி மெஷினை நிறுத்தினார். தூணைத் தடவினார். பெயர்ந்துவந்த ஒரு சில்லை எடுத்து நாக்கில் வைத்தார்.

"உப்பு," என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் குரல் தாழ்ந்திருந்தது. "செக்ரட்டரி சார், உள்ள கம்பிய உப்பு தின்னுருக்கு. கப்பல்ல நெறையப் பாத்திருக்கேன். எல்லாரையும் மேல போவச் சொல்லுங்க. வண்டி ஒண்ணுகூட உள்ள வரப்பிடாது."

தலைவர் சிரித்தார். "அது வெறும் பூச்சு வெடிப்பு. கழுவ வந்தவர் கழுவிட்டுப் போகணும்."

"கழுவுனதுனாலதான டாக்டர் தெரிஞ்சுது!"

"நீங்க என்ன இன்ஜினியரா?"

"இல்ல. ஆனா ஒரு பல்லு ஆடுதுன்னா அதுக்கு டாக்டரா வந்து சொல்லணும்?"

கட்டடம் கட்டியவரின் ஆள் வந்து பார்த்துவிட்டு, சிமெண்ட் பூசினால் சரியாகிவிடும் என்றான். அண்ணாச்சி விறுவிறுவென்று மேலே போனார். லோடு ஆட்டோவை இறங்குபாதையின் குறுக்கே நிறுத்தி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆபீஸிலிருந்து திரும்பிய கார்கள் தெருவை அடைத்தன. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழு கொதித்தது. 'செயலாளர் எங்கே?' 'போலீசைக் கூப்பிடுங்கள்!' 'இந்த ஆளைக் கூட்டிவந்தது யார்?'

கூட்டிவந்தது நான்தான். அவரிடம் ஓடினேன். "அண்ணாச்சி, நீங்க சொல்லுதது தப்பா இருந்தா என் கதி என்ன?"

"தப்பா இருந்தா ஊரே என்னப் பாத்துச் சிரிக்கட்டும். சரியா இருந்தா? மூணாவது மாடில பேரப்பிள்ளைய வச்சிருக்கீய. நான் இப்பம் எந்திச்சுப் போய்ட்டேன்னா, எனக்குச் சோறு எறங்குமா?"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. போலீஸுக்குப் பதிலாக, திருநெல்வேலியில் இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்தும் என் நண்பரின் மகளுக்கு போன் செய்தேன். அந்தப் பெண் விஷயத்தைக் கேட்டதும், தூணின் படத்தை அனுப்பச் சொன்னாள். அனுப்பிய ஐந்தாவது நிமிடம் திரும்ப அழைத்தாள். "மாமா, நான் கிளம்பிட்டேன். யாரையும் கீழ விடாதீங்க."

ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தாள். சின்னச் சுத்தியலால் தூணை ஒரு தட்டுத் தட்டினாள். முறுக்கு நொறுங்குவதுபோலச் சிமெண்ட் பொலபொலவென்று கொட்டியது. உள்ளே விரல் தடிமனில் இருக்கவேண்டிய கம்பி, துருவேறி இடியாப்பம்போல இருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. "இதை முதல்ல கண்டுபிடிச்சது யாரு?" என்றாள். எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினோம். அவர் அப்போது மருமகனுக்குத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே அத்தனை குடும்பமும் வீட்டைக் காலிசெய்தோம். இரும்பு முட்டுக்கள் வந்தன. அடுத்தடுத்து நான்கு தூண்களில் அதே நோய். மழைக்காலம் வந்திருந்தால் தாங்கியிருக்காது என்று அந்தப் பெண் எழுதிக் கொடுத்தாள். தலைவர் அண்ணாச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வாயில் வெற்றிலை இருந்ததால் பேச முடியவில்லை. கண் கலங்கியிருந்தது. அண்ணாச்சி பதறி, "துப்பிட்டுப் பேசுங்க டாக்டர், நான்தான் கழுவ இருக்கம்லா!" என்றார்.

வேலை முடிய நான்கு மாதம் ஆனது. புதுத் தூண்களைச் சுற்றித் தரையைக் கடைசியாக ஒருமுறை கழுவிக் கொடுத்தவரும் அவர்தான். திறக்கும் நாளில் பூமாலை, சால்வை எதுவும் வேண்டாம் என்றவர், ஒன்றே ஒன்று கேட்டார்.

"எம் பொண்டாட்டியக் கூட்டிட்டு வரட்டுமா? நான் என்ன வேலை பாக்கேன்னு அவ ஒருநாளும் பாத்ததில்ல."

அந்த அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார்கள். இறங்குபாதையின் மேலே நின்று, கண்ணாடியாய் மினுங்கிய தரையைக் கொஞ்சநேரம் பார்த்தார்கள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள்.

அண்ணாச்சிக்கு வெட்கம் தாங்கவில்லை. "ஏளா, இது கார் நிக்க இடம்! செருப்பப் போடு!"

"இருக்கட்டும். நீங்க கழுவுனதுல்லா," என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு மெல்ல இறங்கிப் போனார்கள்.

நானும் என் செருப்பைக் கழற்றி, அவர்கள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.