நடக்கப் பிடிக்காத எலி மேடம்

ஹைதராபாத், செகந்திராபாத் இரண்டையும் சேர்த்துச் சலித்தாலும் எலி மேடத்தைப் போல நடப்பதை வெறுத்த ஒருவர் கிடைக்க மாட்டார். மாரெட்பள்ளியில் எங்கள் அபார்ட்மென்டின் முதல் மாடியில் இருந்தார். அந்த முதல் மாடிக்கும் லிஃப்ட்டில்தான் போவார். கரண்ட் போனால், வரும்வரை வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கேட்டுக்கு நேர் எதிரே பால் கடை. அதற்கும் ஸ்கூட்டர்தான். அவர் ஹெல்மெட் மாட்டி, பட்டையைப் பூட்டி, வண்டியைக் கிளப்புவதற்குள் கடைக்காரர் பாலை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்துவிடுவார்.

இப்படிப்பட்டவர் பார்த்த வேலை, உடற்பயிற்சியைப் பற்றிய ஆராய்ச்சி. ஆனால் பயிற்சி செய்தது அவர் இல்லை, எலிகள்.

ஊருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், வலிப்பு வரும் எலிகளை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கூண்டில் எலிகள் ஓடுவதற்குச் சக்கரம் உண்டு. இன்னொரு கூண்டில் கிடையாது. தின்றுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வலிப்பு உள்ளவர்களில் சிலர், எல்லாம் சரியாக இருக்கும்போதே, பெரும்பாலும் தூக்கத்தில், திடீரென்று இறந்துபோகிறார்களாம். ஏன் என்று இன்னும் முழுதாகத் தெரியவில்லை. வலிப்பு வரும்போது இதயமும் மூச்சும் என்ன பாடு படுகின்றன, தினமும் ஓடிப் பழகிய உடம்பு அதைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குமா என்று பார்ப்பதுதான் அவர் வேலை.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வாட்ச்மேனுக்கு சூஹா மேடம், எதிர் வீட்டுத் தெலுங்குக்காரர்களுக்கு எலுக மேடம், எங்களுக்கு எலி மேடம்.

எலிகளுக்கு அவர் தம் புகுந்த வீட்டு உறவுகளை வைத்தே பெயர் சூட்டியிருந்தார். திருநெல்வேலிக்காரர். லிஃப்ட்டில் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்க மாட்டார். "சின்ன நாத்தனா சக்கரத்துல காலே வைக்க மாட்டேங்கா. மாமியாதான் தங்கம். நேத்து பூரா ஓடுனா" என்பார். மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடி வந்த ஒரு பெண், இந்தக் கட்டடத்தில் ஒரு கிழவியை நாள் முழுக்க ஓட விடுகிறார்கள் என்று அசோசியேஷன் செகரட்டரியிடம் புகார் கொடுத்துவிட்டாள். அதற்கு மீட்டிங் எல்லாம் நடந்தது.

என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே வலிப்பு உண்டு. அதனால் பத்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் போய் நிற்கிற வழக்கமும் நின்றது. சில வருஷங்களுக்கு முன்பு புதிதாகப் பார்த்த டாக்டர், மாத்திரையைத் தவற விடக்கூடாது, தனியாகத் தூங்கக்கூடாது என்றார். திடீர் மரணம் என்று ஒன்று இருக்கிறது, அபூர்வம்தான், ஆனாலும் தெரிந்திருப்பது நல்லது என்றும் சொன்னார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் காதில் 'அபூர்வம்' மட்டும் விழவில்லை. அவருக்குத் தொழிற்சாலையில் ஸேஃப்டி பிரிவில் வேலை. அங்கே உள்ள சட்டமெல்லாம் வீட்டுக்கு வந்தது. மாடிப்படி கூடாது. மொட்டைமாடி கூடாது. கேட்டைத் தாண்டக் கூடாது. நான் சோபாவில் உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டே இருந்ததில் சோபாவில் என் உருவத்துக்கு ஒரு பள்ளம் விழுந்தது. அவர் மேல் தப்பில்லை. என்னை இழந்துவிடுவோமோ என்று பயந்த மனிதருக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

ஒருநாள் உறைமோர் வாங்க எலி மேடம் வந்தார். நாங்கள் இரண்டாம் மாடி, லிஃப்ட்டில்தான் வந்தார். "ஏட்டி, ஒன்ன வெளியிலயே காணுமே?" என்று கேட்டார். யாரிடமும் அதிகம் பேசாத நான் என்னவோ அன்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கிண்ணத்தைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எங்க லேப்ல சக்கரம் இல்லாத கூண்டு ஒண்ணு இருக்கு. நீ அதுக்குள்ளல்லா இருக்க" என்றார்.

மறு வாரம் டாக்டரிடம் கேட்டோம். தாராளமாக நடக்கலாம், ஆனால் கூடவே ஒருவர் இருக்கட்டும் என்றார். என் கணவர் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் பிடிக்கிறவர். மகள் ஹாஸ்டலில் படிக்கிறாள். துணைக்கு யார்? எலி மேடத்திடம் இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. ஆபரேஷனுக்குச் சம்மதம் கொடுப்பவர் போல நெடுநேரம் யோசித்துவிட்டு, "சரி, நானே வாரேன்" என்றார்.

பக்கத்துப் பார்க்கில் நடக்க ஆரம்பித்தோம். எனக்கு வலிப்பு வந்தால் தலைக்கு வைக்க வேண்டும் என்று கக்கத்தில் ஒரு சின்னத் தலையணையோடு வருவார். வழியில் வரும் ஒவ்வொரு பெஞ்சிலும் அதைப் போட்டு அவர்தான் உட்காருவார். "எலிய ஓட விட்ட பாவம், என்னய இப்பிடி ஓட விடுது" என்று புலம்பிக்கொண்டே எழுந்து வருவார். பார்க்குக்குத் தூங்க வருகிற அம்மாள் என்று அவருக்குப் பெயரே ஆகிவிட்டது. எனக்கோ வெயிலும் காற்றும் மனித முகங்களும் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று இருந்தது.

அங்கே காலையில் நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் கட்டடத்துக்காரர்கள். அந்தக் கூட்டத்துக்கு அவர் ஒரு வகுப்பே எடுத்தார். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, அஞ்சு நிமிஷத்தில் நிற்காவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். கடைசியில், "கையில இரும்பு குடுக்கேன், சாவி குடுக்கேன்னு எவராவது வந்தீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றார். எல்லாரும் ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டு, ஹவ் மேடம், ஹவ் மேடம் என்று தலையாட்டினார்கள்.

ஒருநாள் பார்க்கிலேயே வலிப்பு வந்தேவிட்டது. எனக்கு எதுவும் நினைவில்லை. கண் விழித்தபோது தலை தலையணைமேல் இருந்தது, ஒருக்களித்துக் கிடந்தேன், என்னைச் சுற்றி ஒரே சாவியாகக் கிடந்தது. வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஸ்கூட்டர் சாவி எல்லாம். வகுப்பில் தலையாட்டிய அத்தனை பேரும் அந்த நிமிஷத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள். எலி மேடம் இரண்டு கையையும் விரித்து நின்று தடுத்ததில், கிட்டே வர முடியாதவர்கள் தூரத்திலிருந்தே எறிந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் பில்டர் போட்ட ஒரே மாதிரிப் பூட்டு, சாவிகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். யார் சாவி எது என்று தெரியாமல் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை. மூன்றாம் மாடியில் பூட்டிய வீட்டுக்குள்ளே குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்க, வெளியே கூடி நின்றவர்கள் உள்ளே இருப்பது பருப்பா, உருளைக்கிழங்கா என்று விவாதித்தார்கள். அவ்வளவு அமளியிலும் எலி மேடம் ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்கிலேயே உட்கார்ந்திருந்தார். அவருடைய வீட்டுச் சாவியையும் யாரோ கொண்டுபோயிருந்தார்கள்.

ஒருவழியாகச் சாவிகள் உரியவரிடம் சேர்ந்ததும், எலி மேடம் என்னை வீட்டுக்குக் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். செய்தி போய், என் கணவர் மதியமே வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. இவ்வளவு நாள் செய்த உதவிக்கு எலி மேடத்துக்கு நன்றி சொன்னார். பிறகு, "இனிமே இது நக்கோ மேடம், வேண்டாம். நடந்தா இவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு உங்களால சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாது."

அவர் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

"ஓடுற எலிக்கு வலிப்பு கொறையுதுன்னு பாத்துருக்கோம். மனுசருக்கும் நடை நல்லதுதான்னு சொல்லுதாங்க. ஆனா அந்தத் திடீர்ச் சாவ அது தடுக்குமான்னு இன்னும் தெரியாது. தெரியாதத எப்பிடித் தெரியும்ங்கது? உக்காந்தே இருந்தா இவளுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நீங்க சொல்லுங்க. இப்பமே எந்திச்சிப் போயிருதேன்."

என் கணவர் சோபாவில் விழுந்திருந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. ஆனா நான் நடக்கறேன்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் அப்படிச் சொன்னதே இல்லை. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

டாக்டரைப் பார்த்தோம், அவர் மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்து, நடையை விட வேண்டாம் என்றார். அடுத்த வாரம் என் கணவர் கேட்டு வாங்கி மத்தியான ஷிப்டுக்கு மாறினார். காலையில் போலீஸ்காரர் போல எங்களுக்குப் பத்தடி பின்னால் நடந்து வந்தார். இனி எலி மேடத்துக்கு விடுதலை, நிம்மதியாகப் படுத்துத் தூங்குவார் என்று நினைத்தேன். தூங்கவில்லை. மறுநாளும் தலையணையோடு கீழே நின்றார். "ரெண்டு பேரா இருந்தா நல்லதுல்லா" என்று சொல்லிவிட்டு, முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

போன வருஷம் ரிடையர் ஆகி, பட்டான்செருவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். நகரத்தின் அந்தக் கோடி அது. ஆனாலும் தினமும் நான் செருப்பு மாட்டுகிற நேரத்துக்கு அவரிடமிருந்து போன் வரும். பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. போனை அப்படியே பையில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும், என் காலடிச் சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கட்டிலில் படுத்தபடியேதான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். பார்க்கைப் பாதி சுற்றுவதற்குள் பையிலிருந்து குறட்டை கேட்க ஆரம்பித்துவிடும்.

என் கணவர் சிரிப்பார். நான் போனை அணைப்பதில்லை.