ஆட்டெரு ஒப்பந்தம்

இனி கூபாத்தின் கடையில் பியர் வாங்கிக் குடிப்பதில்லை என்று லுபோர் சபதம் செய்தபோது, அவர் கையில் இருந்தது கூபாத்தின் பியர்தான். அதில் பாதி நுரை. உழைப்பாளியை ஏய்க்கும் நுரை.

"நவம்பர்ல வர்ற மார்ட்டின் திருநாள் வாத்து விருந்துக்கு, நானே வளர்த்த ஹாப்ஸ்ல காய்ச்சின பியரோட வருவேன்! வராட்டி ஒரு வருஷம் இந்தக் கடையில வாயே திறக்க மாட்டேன்!"

கடை அதிரக் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று லுபோர் யோசிக்கவில்லை.

ஜாட்டெட்ஸ் வட்டாரம் முழுக்க ஹாப்ஸ் கொடிதான்; பியருக்குக் கசப்பும் மணமும் தருவது அதன் பூ. இருபது வருஷம் உலர்ந்த பூவை மூட்டை கட்டியவர் லுபோர். அதில் பாதிக் காலம் வேலைநிறுத்தம். கொடி எப்படி வளர்கிறது என்று பார்க்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. அவர் மனைவி ஹெட்விகா ஹாப்ஸ் தோட்டத்திலேயே பிறந்தவள். அவளிடம் கேட்பதற்கு அவருடைய சுயமரியாதை இடம் தரவில்லை.

இரண்டு வேர் வாங்கி வந்தார். கொழுத்ததைச் சமையலறை ஜன்னலடியில் நட்டார். நோஞ்சானை வேலியோரம் விட்டெறிந்தார்.

"ஹெட்விகா, ஆட்டெரு பூரா எனக்கு வேணும்."

"ஏழு வருஷமா கொட்டிலைக் கூட்டுங்கன்னு கத்துறேன். அப்பல்லாம் முதுகுவலி."

"அது சுரண்டல். இது உற்பத்தி."

"சரி தோழரே, அள்ளுங்க."

"எவ்வளவு போடலாம்?"

"உங்க கொள்கைக்கு அளவு உண்டா? போடுங்க."

வாய்ப்பேச்சை நம்புகிறவரா லுபோர்? ஒப்பந்தம் எழுதினார். கொட்டிலை லுபோர் தினமும் கூட்டுவார். எரு முழுதும் லுபோருக்கு. எரு தின்று வளர்வதெல்லாம் லுபோருக்கு.

ஹெட்விகா பென்சிலால் ஒரு வரி சேர்த்தாள்: 'எரு தின்னாதது ஹெட்விகாவுக்கு.'

"இது எதுக்கு?"

"சும்மா, ஒரு சமத்துவத்துக்கு."

சமத்துவத்தை மறுக்க முடியுமா? கையெழுத்துப் போட்டார்.

கோடை முழுக்க அள்ளினார், கொட்டினார். சூடு ஆறாத எரு. ஊர் மூக்கைப் பொத்தியது. கொடி ஜன்னலைத் தாண்டி, கூரையைத் தாண்டி, புகைபோக்கியை நெரித்தது. ஆகஸ்டு வந்தது. ஊரெல்லாம் பூ. லுபோரின் கொடியில் இலை, இலைக்குப் பின்னால் இன்னோர் இலை.

"பூ எங்கடி?"

"பச்சை எரு அளவு மிஞ்சினா இலைதான் வரும். எங்கப்பா வீட்டுக் கன்னுக்குட்டிக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"எவ்வளவு போடலாம்னு கேட்டீங்க. பூக்குமான்னு கேட்டீங்களா? ஆனா ஒண்ணு, சமையல்கட்டு இப்பத்தான் குளுகுளுன்னு இருக்கு."

அப்போதுதான் வேலியைப் பார்த்தார். அந்த நோஞ்சான் வேர் கம்பேறி, கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடந்தது.

"அது என் கொடி! நான் வாங்கின வேர்!"

ரொட்டிப் பெட்டிக்கடியிலிருந்து ஹெட்விகா காகிதத்தை எடுத்தாள். "எரு தின்னாதது யாருக்கு? நல்லா சத்தமாப் படிங்க. மேடையில படிக்கிற மாதிரி."

ஒப்பந்தத்தை மீறும் முதலாளிகளை நாறடித்தே பேர் வாங்கியவர் லுபோர். காகிதத்தைக் கிழிக்கக் கை வரவில்லை.

"மானம் போயிடும், ஹெட்விகா."

"போகாது. நான் பறிச்சுக் காய்ச்சித் தர்றேன். உங்க பியர்னே சொல்லிக்குங்க. கொட்டில் வேலை தொடரணும். அப்புறம், வீட்டுலயும் கொட்டில்லயும் ஒரு வருஷம் வாயைத் திறக்கக் கூடாது."

லுபோர் வாயைத் திறந்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

மார்ட்டின் திருநாளில் ஊரே அந்தப் பியரை உறிஞ்சிவிட்டுச் சப்புக்கொட்டியது. லுபோர் பெஞ்சில் ஏறி, ஹாப்ஸ் வளர்ப்பு பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். வாத்து ஆறிப்போனது. "எரு, தோழர்களே! எவ்வளவு எருவோ அவ்வளவு பூ!"

மறுநாள் காலை கூபாத் சிவந்த கண்ணோடு ஹெட்விகாவிடம் வந்தான்.

"ஏம்மா, நியாயமா? ஒரு வருஷம் நிம்மதியா இருக்கலாம்னுதானே அன்னைக்கு எல்லாரும் கைதட்டினோம்! ஏன் அவரைக் காப்பாத்தினே?"

"என்ன செய்ய, கூபாத்? அவருக்கு இருக்கிறது ஒரே வாய். கடையில மூடினா வீட்டுல திறந்துக்கும்."

கொட்டிலில் மண்வெட்டியோடு நின்ற லுபோருக்கு இது காதில் விழுந்தது. பிரமாதமான பதில் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது.

பக்கத்தில் நின்ற ஆடுதான் பேசியது.