நீட்டுமடக்கு டாக்டரும் பண்ணையார் வீட்டுச் சுவரும்

அரியலூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கிய ஒருத்தர்கூட நீட்டுமடக்கு டாக்டரின் கண்ணுக்குத் தப்பி ஊருக்குள் போனதில்லை. டிக்கெட் பரிசோதிக்கும் உத்தியோகத்தில் அங்கே நின்ற என்னிடம் எத்தனையோ பேர் தப்பியிருக்கிறார்கள். அவரிடம் முடியாது.

யுத்த காலம். பெரம்பலூர்க்காரரான அவர், அடிபட்ட சிப்பாய்களின் கை கால்களைப் பயிற்சி கொடுத்தே வழிக்குக் கொண்டுவரும் படிப்பைப் பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் முடித்துவிட்டு வந்திருந்தார். லேசுப்பட்ட படிப்பில்லை. உடம்பிலுள்ள எலும்பு, தசை அத்தனையையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டுமாம். கூடச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். இவர் பாஸ் பண்ணினார். பண்ணி என்ன? கடைத்தெருவில் ஓர் அறை பிடித்து, 'இங்கே மருந்து கிடையாது' என்று பெருமையாகப் போர்டு மாட்டினார். ரேஷனுக்குப் பழகிப்போன ஜனங்கள், "எப்பங்க வரும்?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

நோயாளி வராததால் இவரே நோயாளியைத் தேடி ஸ்டேஷனுக்கு வந்தார். இறங்குகிறவர்களின் நடையைப் பார்ப்பார். "அண்ணே, எடது முட்டி மடங்க மாட்டேங்குதா? கொஞ்சம் நீட்டுங்க, மடக்குங்க" என்று பின்னாலேயே போவார். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறவர் என்று நினைத்து, நொண்டிக்கொண்டு வந்தவர்களெல்லாம் ஓட்டம் பிடிப்பார்கள். "பாத்தீங்களா சார், முட்டி நல்லாத்தான் மடங்குது" என்பார் என்னிடம்.

ஆனால் அவருடைய அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்: "தைக்குள்ள ஒரே ஒரு ஆளையாச்சும் கொணப்படுத்திக் காட்டு. இல்லன்னா வண்டிய கட்டிக்கிட்டு வந்துருவேன். பேசாம வந்து ஏர புடி." இதை என்னிடம் சொல்லும்போது மட்டும் டாக்டருக்குக் குரல் இறங்கிவிடும். எனக்கே பாவமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில் உடையார்பாளையம் பக்கத்துப் பண்ணையார் ஒருவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. எண்ணெய், பற்று எதற்கும் மசியவில்லை. வேறு வழியில்லாமல் இவருக்கு ஆள் அனுப்பினார். துணைக்கு நானும் போனேன்.

"செவுத்தப் பாத்து நின்னு, வெரலாலயே மேல மேல ஏறணுங்க, பல்லி மாதிரி. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ."

"இவ்வளவுதான?" என்ற பண்ணையார், வேலையாள் பக்கம் திரும்பினார். "டேய் சின்னான், கேட்டுக்கிட்டியா? நாளையிலேருந்து ஏறு."

"நீங்கதாங்க செய்யணும்" என்றார் டாக்டர்.

"எல்லாத்தையும் நானே செஞ்சா பண்ணையில எதுக்குய்யா இத்தன பேரு?"

தை முடியப்போகிற நேரத்தில் பண்ணையார் கூப்பிட்டனுப்பினார். "ஒரு நாள் தவறாம ஏறியிருக்கான். எனக்கு ஒரு இம்மியும் கொறையல. என்னய்யா படிப்பு இது?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணுக்குள் ஏர் வந்திருக்கும்.

மூலையில் நின்ற சின்னான், "எசமான், எனக்குத் தேவலைங்க" என்றான்.

எப்போதோ மூட்டை விழுந்ததிலிருந்து தூக்க முடியாத கையாம். அவன் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. அந்தக் கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கிக் காட்டினான். பண்ணையார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து சுவரண்டை போய், "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்கடா" என்றார். டாக்டரும் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்கும் அது வசதியாக இருந்தது.

சின்னான் சும்மா இருக்கவில்லை. களத்திலும் வயலிலும் தோளையும் இடுப்பையும் தொலைத்தவர்களையெல்லாம் அனுப்பி வைத்தான். அப்பா சொன்னபடியே வண்டி கட்டிக்கொண்டு வந்தபோது அறை வாசலில் கூட்டம் நெரிந்தது.

"பெரியவரே, நாங்களும் காத்துக்கிட்டுத்தான் இருக்கோம். பின்னால நில்லுங்க."

நின்றார். அவர் முறை வந்ததும் டாக்டர் ஏற இறங்கப் பார்த்து, "இடுப்பா, அப்பா?" என்றார்.

"வண்டியில வந்ததுல புடிச்சுக்கிச்சுடா" என்றார் அப்பா. கூட்டிக்கொண்டு போக வந்ததாக அவர் சொல்லவே இல்லை.

டாக்டர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. என் முட்டி ஆண்டவன் புண்ணியத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அரியலூரில் இறங்கினால் பிளாட்பாரத்தில் கொஞ்ச தூரம் வேண்டுமென்றே நொண்டிப் பார்க்கிறேன், பின்னாலேயே வருகிறாரா என்று.