வெளிச்சம் அண்ணன் பெண் பார்த்த கதை

துளை என்று ஒன்று கண்ணில் பட்டால், அதில் கண்ணை வைக்காமல் எங்கள் வெளிச்சம் அண்ணனால் அரை நிமிஷம்கூட உயிர் வாழ முடியாது. முருங்கைக்காயில் துளை இல்லையே என்று வருத்தப்பட்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

புதுக்கோட்டைக்கு வெளியே எங்கள் பட்டறை. சுடும் போட்டிக்குப் போகிறவர்களின் ஏர் ரைஃபிளுக்குக் குழல் கடைந்து கொடுப்போம். நான் ஸ்டோர் பார்க்கிற ஆள். கடைந்த குழலை அண்ணன் ஜன்னல் பக்கம் நீட்டி, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்ப்பார். உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாகத் தெரியும். எல்லா வளையமும் ஒன்றுக்குள் ஒன்றாக நடுவில் உட்கார்ந்தால்தான் குழல் நேர். ஒன்று மயிரிழை ஒதுங்கினாலும், "இது சுடாதுடா, தும்மும்" என்று ஓரம் கட்டிவிடுவார்.

முதலாளி ஆசையாக ஓர் அளவு மெஷின் வாங்கினார். அது பாஸ் போட்ட குழலை அண்ணன் ஃபெயிலாக்கினார். சுட்டுப் பார்த்தோம். குறி அட்டைக்கு அம்மை போட்ட மாதிரி அங்கங்கே ஓட்டை. அன்றிலிருந்து அந்த மெஷின் மேல்தான் எங்கள் டிபன் பாக்ஸ்களை வைக்கிறோம்.

வேலைக்கு உதவிய பழக்கம் கல்யாணத்துக்கு எமனாகிவிட்டது. எதைக் கூர்ந்து பார்த்தாலும் அவருக்கு இடது கண் தானாக மூடிக்கொள்ளும். பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும், "மாப்பிள்ளை கண்ணடிக்கிறாரு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயது நாற்பதைத் தொட்டது.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே நான் போகமாட்டேன்டா" என்றார்.

நான்காவது வீடு கீரமங்கலத்தில். "அண்ணே, ரெண்டு கண்ணையும் தெறந்தே வச்சுக்கங்க" என்று வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன். அண்ணன் இமைக்கவே இல்லை. பெண் காபி கொண்டுவந்தபோது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. பெண்ணின் அம்மா பயந்துபோய், "தம்பிக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலையா?" என்றார்.

காற்றாட நிற்கட்டும் என்று கொல்லைக்குக் கூட்டிப்போனேன். மறுநாள் போர்வெல்லில் இறக்க வேண்டிய இரும்புப் பைப்புகள் அங்கே செங்கல் மேல் படுத்திருந்தன. நான் பிடிப்பதற்குள் புது வேட்டியோடு மண்டி போட்டு, இடது கண்ணை மூடிவிட்டார்.

பின்னாலேயே வந்த பெண்ணின் அப்பா, "பொண்ணப் பாக்க வந்தீங்களா தம்பி, பைப்பப் பாக்க வந்தீங்களா?" என்றார்.

"ஐயா, இத எறக்காதீங்க. நடுவுல வளைஞ்சிருக்கு."

முடிந்தது கதை என்று நான் செருப்பைத் தேடினேன். கொல்லை வாசலில் பெண்ணின் குரல் கேட்டது.

"நானும் நேத்துலேருந்து அதத்தானேப்பா சொல்லுறேன்."

பெண்ணே வந்தார். பைப்பின் மறுமுனையில் அவரும் குனிந்து ஒரு கண்ணை மூடினார். "நல்லாவே வளைஞ்சிருக்குங்க" என்றார் அண்ணனிடம்.

தை மாசம் கல்யாணம். கேமரா லென்ஸைக் கண்டால் அண்ணன் விடுவாரா? ஆல்பம் முழுக்க இடது கண் மூடியே இருக்கிறது. ஒரே ஒரு படத்தில் மட்டும் இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருக்கிறது. அதில் அவர் கேமராவைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனசு சரியில்லாத நாட்களில் நான் மொபைலில் எடுத்துப் பார்ப்பது அந்தப் படத்தைத்தான்.