சனி ஞாயிறு எம்.எஸ்.டபிள்யூ.

நாற்பத்தாறாவது வயதில், நெல் குவியலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, மேற்படிப்பு படிப்பது என்று நான் சபதம் எடுத்தேன்.

நெல் என் மனைவி எழில்மொழியுடையது. அவளும் இன்னும் எட்டுப் பெண்களும் சேர்ந்து வலங்கைமான் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார்கள். கதிரொளி மகளிர் உழவர் குழு என்று பெயர். அவள்தான் தலைவி. குழுவில் ஆண்களுக்கு இடம் கிடையாது. ஆனால் அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, எடை போட நம் முறை வரும்வரை காவல் காக்க மட்டும் ஓர் ஆண் வேண்டும். மற்றப் பெண்களின் கணவர்களில் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார், ஒருவர் திருப்பூரில் இருக்கிறார், மீதிப் பேர் புத்திசாலிகள். ஆகவே அந்த ஆண் நான்.

திங்கள் முதல் வெள்ளி வரை நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். என் கையெழுத்துக்காகத் தலைமை ஆசிரியரே காத்திருப்பார். சனி, ஞாயிறு வந்தால் முன்னால் நெல், மேலே வெயில். ஆடு வந்தால் விரட்ட வேண்டும். தூறல் விழுந்தால் படுதா போட்டு மூட வேண்டும். தூறல் நின்றால் எடுக்க வேண்டும். எடுத்த கையோடு மறுபடி தூறும். குவியல் இல்லாத வாரங்களில் நாற்றங்கால், உரக்கடை வரிசை, வாய்க்கால் மடை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அயர்வது என்று உலகத்தில் ஒரு சுகம் இருக்கிறதாம். கேள்விப்பட்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுக் கோவிந்தராசு அண்ணன் அன்று பக்கத்துக் குவியலுக்குக் காவல். செல்போனைப் பார்த்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

"தம்பி, தஞ்சாவூர்ல ஒரு காலேஜ்ல வேலை பாக்கறவங்களுக்குன்னே எம்.எஸ்.டபிள்யூ. ஆரம்பிச்சிருக்கானாம். என் மச்சினன் மவ சேரப் போவுது."

"அது என்னண்ணே படிப்பு?"

"சமூகப் பணி. சமூகத்துக்கு வேலை செய்யறது."

"சம்பளம்?"

"அது தெரியல. ஆனா பாவம், ரெண்டு வருஷத்துக்குச் சனி, ஞாயிறு முழு நாளும் போயிருமாம்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "முழு நாளுமா?"

"காலைலேருந்து சாயந்திரம் வரைக்கும்."

இரண்டு வருஷம்! எத்தனை சனி, எத்தனை ஞாயிறு! மின்விசிறிக்குக் கீழே பெஞ்சு. கேன்டீனில் போண்டா. பின்வரிசையில் தூக்கம். பி.ஏ. வரலாறு படித்த காலத்திலிருந்து பின்வரிசையில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. சமூகத்தின் மீது அன்றுதான் எனக்கு முதன்முதலாக அன்பு பிறந்தது.

இனி எழில்மொழியைச் சமாளிக்க வேண்டும். அவள் அழுவாள், கத்துவாள், குறைந்தபட்சம் இரண்டு நாள் பேசமாட்டாள் என்று கணக்குப் போட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எழிலு, ஒரு முக்கியமான விஷயம்."

"படுதா கிழிஞ்சிடுச்சா?"

"இல்ல. நான் மேல படிக்கப் போறேன். எம்.எஸ்.டபிள்யூ. சமூகத்துக்கு ஏதாச்சும் செய்யணும்னு ரொம்ப நாளா மனசுக்குள்ள ஒரு இது."

"எது?"

"ஒரு இது. ஆனா சனி, ஞாயிறு பூரா போயிடும். உனக்குத்தான் சிரமம். என்ன செய்யறது, நாட்டுக்காக..."

"எந்தக் காலேஜு?"

சொன்னேன். கத்தரிக்காய் பாதியில் நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"படிங்க" என்றாள்.

"என்னது?"

"படிங்கன்னேன். நல்ல படிப்பு."

"சனி, ஞாயிறு..."

"அதான் சொன்னீங்களே. குழம்புக்குப் புளி கரைச்சுக் குடுங்க."

புளியைக் கரைத்தேன். குழம்பிப்போனேன். சண்டைக்கென்று வாசலைத் தாண்டிப் போனவனுக்கு எதிரி மாலை போட்டால் அவன் என்ன செய்வான்? வெளியே வந்து கோவிந்தராசு அண்ணனிடம் சொன்னேன்.

"உடனே சரின்னுட்டாங்களா?" அவர் முகம் மாறியது. "தம்பி, உடம்பு கிடம்பு சரியில்லாம இருக்கப் போவுது. யாருக்குன்னு கேக்காத. உனக்கு ஏதோ இருக்குன்னு டாக்டர் சொல்லி, அத உங்கிட்ட மறைக்கறாங்களோ என்னமோ."

அன்று முழுக்க என் நாடியை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் அடித்தது.

விண்ணப்பம் போடும் நாள் வந்தது. சமூகப் பணியில் உங்கள் அனுபவத்தை எழுதுக என்று கேட்டிருந்தார்கள். பேனாவைக் கடித்தேன்.

"எழிலு, நான் சமூகத்துக்கு என்ன செஞ்சிருக்கேன்?"

யோசித்தாள். நெடுநேரம் யோசித்தாள். "தீவாளிக்குத் தெருவுல கெடந்த வெடிக் குப்பையக் கூட்டினீங்க."

"அது நான் வெடிச்ச வெடி."

"அப்ப வேணாம்."

"ரத்த தானம் குடுக்கப் போனேனே?"

"ஊசியப் பாத்து மயங்கி விழுந்து, உங்களுக்குல்ல அவங்க குளுக்கோஸ் ஏத்துனாங்க. அதெல்லாம் விடுங்க. எங்க குழுவ எழுதுங்க. நீங்கதான் வழிகாட்டின்னு எழுதிக்குங்க."

"நானா? உனக்குக் கோவம் வராதா?"

"எனக்கென்னங்க கோவம்? நீங்க வேற, நான் வேறயா?"

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வசனம் அவள் வாயிலிருந்து வந்ததே கிடையாது. எனக்கு வியர்த்தது. இருந்தாலும் எழுதினேன். எழுத எழுத எனக்கே என் மீது மரியாதை வந்துவிட்டது. டெல்டாப் பெண்களின் வாழ்வில் ஒளியேற்றியவன் என்று முடித்தேன்.

நேர்காணலுக்கு அவளே சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். நெற்றியில் விபூதி வேறு பூசினாள். பஸ் ஏறும்வரை நான் அவள் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை.

துறைத் தலைவர் தஹ்மீனா என்கிற பேராசிரியை. பக்கத்தில் ராஜராஜன் என்று இன்னொரு பேராசிரியர்.

"பெண்கள் கையில அதிகாரம் இருக்கணும்னு சொல்றாங்களே, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார் அம்மையார்.

"எங்க வீட்ல ஏற்கெனவே இருக்குங்க மேடம்."

ராஜராஜன் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார்.

"கதிரொளிக் குழுவுல உங்க பங்கு என்ன?"

"எல்லாமே நான்தாங்க. நான் இல்லன்னா மொத்தத்தையும் ஆடு தின்னுட்டுப் போயிடும்." இது உண்மை. உண்மை பேசும்போது எனக்குக் குரலே கம்பீரமாக வரும்.

"தலைவி எழில்மொழி ரொம்பத் திறமையானவங்கன்னு கேள்விப்பட்டிருக்கோம்."

"எல்லாம் நான் குடுத்த பயிற்சிங்க மேடம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "படிக்கற காலத்துலயும் அந்தக் குழுவோட சேர்ந்து வேலை செய்ய உங்களுக்குச் சம்மதமா?"

"உயிர் உள்ளவரைக்கும், மேடம்!" என்று மேசையைத் தட்டினேன். நேர்காணல் என்றால் அப்படித்தானே பேச வேண்டும்?

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு சந்தேகம். குழுவின் பெயரைத்தான் எழுதியிருந்தேன். தலைவியின் பெயர் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? நம் புகழ் பரவியிருக்கிறது, கூடவே அவள் பெயரும் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு தூங்கிவிட்டேன்.

இடம் கிடைத்தது. எழில்மொழி பாயசம் வைத்தாள். தெருவுக்கே கொடுத்தாள்.

குறுவை அறுவடை தொடங்கிய நேரத்தில்தான் கல்லூரியும் தொடங்கியது. முதல் சனிக்கிழமை. கொள்முதல் நிலையத்தைத் தாண்டித்தான் பஸ் போனது. குவியலுக்குப் பக்கத்தில் கோவிந்தராசு அண்ணன் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகக் கையாட்டினேன். அந்தச் சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வகுப்பில் மின்விசிறிக்கு நேர் கீழே, பின்வரிசையில் இடம் பிடித்தேன். தஹ்மீனா அம்மையார் பேசினார்.

"பாடமெல்லாம் வார நாள்ல, சாயந்திரம், போன்லயே நடக்கும். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் முழுக்கக் களப்பணி. அடுத்த வாரத்துலேருந்து நீங்க இங்க வர வேண்டியதில்ல. உங்க உங்க இடத்துக்குப் போயிடுங்க."

நான் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தேன். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

யாருக்கு எந்த இடம் என்று வாசித்தார். ஒருவருக்கு ஆஸ்பத்திரி. ஒரு பெண்ணுக்குக் கோடியக்கரை உப்பளம். போகட்டும், உப்பளமோ காடோ, வலங்கைமானாக இல்லாமல் இருந்தால் சரி என்று நான் கும்பிட்டேன்.

"இளவழகன். கதிரொளி மகளிர் உழவர் குழு, வலங்கைமான். மேற்பார்வையாளர் திருமதி எழில்மொழி."

நான் எழுந்தேன். "மேடம், அவங்க என் சம்சாரம்!"

"தெரியுமே. அதனாலதான் முதல்ல யோசிச்சோம். அவங்ககிட்டயே கேட்டோம். வீட்லயே உங்களுக்கு எந்தச் சலுகையும் காட்டினதில்ல, இனிமேலும் காட்ட மாட்டேன்னு உறுதி குடுத்துட்டாங்க. நீங்களும் உயிர் உள்ளவரைன்னு சொன்னீங்களே!"

வகுப்பு கைதட்டியது. எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எழிலு! உனக்கும் அந்தக் காலேஜுக்கும் என்ன சம்பந்தம்?"

"வருஷா வருஷம் அங்க ரெகுலர்ல படிக்கற புள்ளைங்க நம்ம குழுவுக்குப் பயிற்சிக்கு வருதுல்ல?"

"எந்தப் புள்ளைங்க?"

"ஞாயித்துக்கெழமைல வரும். நீங்ககூட வடை வாங்கிட்டு வந்து குடுப்பீங்க."

"அதுங்க உங்க கீழ்வேளூர் சித்தப்பா பொண்ணுங்க இல்லியா?"

"சித்தப்பாவுக்கு ரெண்டும் பையனுங்க. அதுலயும் வருஷத்துக்கு ஒரு புதுப் பொண்ணா பொறக்கும்? எத்தனை தடவை உங்ககிட்டச் சொல்லியிருக்கேன். சொல்லும்போதெல்லாம் 'ம்'னீங்க."

"அப்ப, அன்னிக்குப் படிங்கன்னியே..."

"இந்த வருஷம் வலங்கைமானுக்கு வர ஆளே இல்லன்னு மேடம் வருத்தப்பட்டாங்க. நீங்களா வந்து நின்னீங்க. நான் ஏன் தடுக்கப் போறேன்?"

"சனி, ஞாயிறு என்ன வேலைன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நாட்டுக்காகன்னீங்க. நாட்டுக்கு நடுவுல நான் எப்படிப் பேசறது? முன்னயெல்லாம் பாதி நேரம் டீக்கடைல இருப்பீங்க. இனிமே அட்டெண்டன்ஸ் உண்டு. படுதாவ எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க, மேக்கால கருக்குது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு கல்லூரியே இவளிடம் பிள்ளைகளை அனுப்புகிறதே என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பெருமையை மறைத்துக்கொண்டு கோபமாகப் படுதாவை எடுத்தேன்.

வாராவாரம் நான் அறிக்கை எழுத வேண்டும். அவள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். களப்பணி மார்க்கும் அவள் கையில்தான்.

"ஆடுகள் விரட்டப்பட்டனன்னு எழுதியிருக்கீங்களே, யாரு விரட்டினா?"

"பொதுவா எழுதினேன்."

"நம்ம குழு ரெங்கம்மாள் அக்கா விரட்டினாங்க. நீங்க சாக்கு மேல படுத்துத் தூங்கினீங்க. திருத்தி எழுதுங்க."

திருத்தி எழுதினேன். மழையில் நனைந்தேன். மூட்டை தூக்கினேன். போன் வகுப்பில் சமூகக் கொள்கைகள் எல்லாம் கேட்டேன். குறுவை போய்ச் சம்பாவும் கொள்முதல் ஆயிற்று. எப்படியும் ஒரு வருஷம் கழிந்தது, அடுத்த வருஷம் வேறு இடம் கேட்டு உப்பளத்துக்காவது ஓடிவிடலாம் என்று காத்திருந்தேன்.

ரிசல்ட் வந்தது. எல்லாப் பாடத்திலும் பாஸ். களப்பணியில் மட்டும் என்னை ஃபெயிலாக்கிவிட்டாள். அதே இடத்தில் இன்னொரு வருஷம் செய்ய வேண்டுமாம்.